மாடிச் சுவருக்குள் ஓர் ஆள்

எங்கள் வீட்டு மாடிச் சுவருக்குள் செத்துப்போன ஓர் ஆள் நின்றுகொண்டிருக்கிறார் என்றும், அவரைக் கொன்று உள்ளே வைத்துப் பூசியவர் என் சின்னத் தாத்தா என்றும் நான் ஒரு மழைக்காலத்தில் முழுசாக நம்பினேன். ஆறு வயதில் நம்பியிருந்தால் மன்னித்துவிடலாம். எனக்கு அப்போது பதினொன்று முடிந்திருந்தது. கணக்கில் எண்பதுக்கு மேல் வாங்குகிற பையன். சனிக்கிழமைகளில் கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போய், மவுஸைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டு வருகிற பையன்.

இதைப் படிக்கிற என் வயதுக்காரர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். நாற்பதை நெருங்கி, படியேறினால் முழங்கால் பதில் சொல்கிற நிலைக்கு வந்துவிட்ட நாம், இனிமேல் யாரிடம் எதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

எங்கள் வீடு பாண்டிச்சேரியில், பெரிய மார்க்கெட்டிலிருந்து மீன் வாடை நடந்தே வந்துசேரக்கூடிய தூரத்தில் இருந்தது. அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளைப் போலவே அதுவும் கீழே தமிழ் வீடு, மேலே பிரெஞ்சு வீடு. இடுப்புக்குக் கீழே வேட்டி கட்டி, மேலே கோட்டுப் போட்ட மனிதரைப் போல நிற்கும். கீழே நீளமான கூடம். அதன் கூரையில் கருத்துப்போன தேக்கு உத்திரங்கள் வரிசையாக ஓடும். மாடியில் ஒரே பெரிய அறையை நடுச்சுவர் ஒன்று இரண்டாகப் பிரித்திருந்தது. ஒரு பக்கம் நான், மறுபக்கம் சின்னத் தாத்தா. அந்தச் சுவர் வழவழவென்று முட்டை ஓடு மாதிரி இருக்கும். கன்னத்தை வைத்தால் மே மாதத்திலும் குளிரும். விருந்தாளி வந்தால் அம்மா அதைத் தடவிக் காட்டி, "இதெல்லாம் பிரெஞ்சுக்காரன் காலத்து வேல. இப்ப எவன் செய்வான்" என்பாள். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று தடவியவர்கள் யாரும் கேட்டதில்லை. செங்கல்தான் என்று எல்லோருக்கும் நினைப்பு.

சின்னத் தாத்தா என்றால் என் தாத்தாவின் தம்பி. அப்பாவுக்குச் சித்தப்பா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அப்படி வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். எங்கள் வீட்டுக்கே சொல்தா வீடு என்றுதான் பெயர். தபால்காரரும் அப்படித்தான் சொல்வார், ரொட்டி கொண்டுவருகிறவரும் அப்படித்தான் சொல்வார். பிரெஞ்சுத் தேசிய தினமான பதினாலு ஜூலைக்கும், போரில் செத்தவர்களுக்கு நவம்பரில் மலர்வளையம் வைக்கிற நாளுக்கும் கோட்டு மாட்டி, மெடல் குத்திக்கொண்டு அவர் கடற்கரைச் சாலைக்கு நடக்கும்போது தெரு ஒதுங்கி வழிவிடும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதிகம் பேசமாட்டார். நான் நச்சரித்தால் மட்டும் வியட்நாமில், சைகோனில் இருந்த கதையை ஆரம்பிப்பார்.

"ஒரு நாள் காலையில மூங்கி காட்டுக்குள்ள போனோம். மழை. முட்டி வரைக்கும் சேறு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. முடிச்சிட்டு வந்துட்டோம்."

எதை முடித்தார் என்பதைச் சொன்னதே இல்லை. அந்த இடத்தை நான் என் கற்பனையால் நிரப்பிக்கொண்டேன். நிரப்பியதில் பாதி கேபிள் டிவியிலிருந்து வந்தது.

அந்த நவம்பரில் மழை ஒரு வாரம் விடாமல் பெய்தது. டிவியில் விடுமுறை அறிவிப்பு ஓடும்வரை வாயைத் திறந்து காத்திருந்து, அறிவித்ததும் போர்வைக்குள் திரும்பப் போகிற அந்தச் சுகம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். மூன்றாம் நாள் போர்வையும் அலுத்துப்போனது. பிரிக் கேமில் பேட்டரி தீர்ந்துவிட்டது. டென்னிஸ் பந்தை எடுத்து நடுச்சுவரில் அடித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஓட்டிலிருந்து ஒழுகிய தண்ணீர் அந்தச் சுவரில் ஓர் இடத்தை ஊறவைத்து, அப்பளம் மாதிரி உப்ப வைத்திருந்தது. அந்த உப்பலில் படுகிற பந்துக்கு ஆறு ரன் என்று நானே சட்டம் போட்டிருந்தேன்.

நாலாவது சிக்ஸரில் சாப்பாட்டுத் தட்டு அளவு பூச்சு கழன்று விழுந்தது. அதற்குப் பின்னாலிருந்த மண்ணும் பொலபொலவென்று உதிர்ந்தது.

உள்ளே பார்த்தேன். விரல் கனத்தில், பழுப்பேறி, ஒரே சீரான இடைவெளியில் வரிசையாக நாலு எலும்புகள். அறிவியல் புத்தகத்தில் நான் மீசை வரைந்து வைத்திருந்த எலும்புக்கூட்டின் விலா அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும். எலும்புகளுக்கு நடுவே கொத்தாகக் கறுப்பு முடி. என்னைத் தைரியசாலி என்று நினைத்துக்கொண்டு அதை இழுத்தேன். முடி கையோடு வந்துவிட்டது. ஈரப் பானையும் பழைய மூட்டையும் கலந்தமாதிரி ஒரு வாடை வந்தது. பிணம் எப்படி நாறும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததால், இப்படித்தான் நாறும் என்று முடிவு செய்தேன்.

கத்தவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சின்னத் தாத்தா மதியத் தூக்கத்தில் சீராகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இத்தனை நெருக்கத்தில் ஒரு பிணத்தை வைத்துக்கொண்டு இத்தனை நிம்மதியாகத் தூங்குகிறவர் எத்தனை பெரிய கைகாரராக இருக்கவேண்டும் என்று யோசித்தேன். கக்கூஸுக்கு ஓடினேன். அன்றைக்கு மட்டும் நாலு முறை.

போலீசுக்குச் சொல்லலாம் என்று தோன்றவே இல்லை. சின்னத் தாத்தா எனக்குக் காபியில் ரொட்டி தோய்த்துக் கொடுக்கிறவர். மார்க் அட்டையில் அப்பாவுக்குப் பதிலாக இரண்டு முறை கையெழுத்துப் போட்டவர். போதாக்குறைக்கு, அவர் பிரெஞ்சுப் பிரஜை. பிரெஞ்சுக்காரர்களுக்குக் கில்லட்டினில் தலையை வெட்டுவார்கள் என்று அவரே எனக்குச் சொல்லியிருந்தார். அந்தப் பழக்கத்தை அவர்கள் நிறுத்தி இருபது வருஷம் ஆகிவிட்டதைச் சொல்ல மறந்துவிட்டார். ஆக, சின்னத் தாத்தாவின் தலை என் பொறுப்புக்கு வந்தது.

உதிர்ந்த மண்ணை டிபன் பாக்ஸில் அள்ளி, ஜன்னல் வழியாக மழையில் கொட்டினேன். கீழே கூடத்திலிருந்து அந்தோனியார் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரால் கம்பியைச் சுவரில் ஒட்டி, ஓட்டையின் மேல் தொங்கவிட்டேன். தொலைந்ததையெல்லாம் கண்டுபிடித்துத் தருகிற புனிதரை, ஒன்றை ஒளித்துவைக்கப் பயன்படுத்தியவன் திருச்சபை வரலாற்றில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அம்மா பார்த்துவிட்டாள். பார்த்து, கண் கலங்கினாள். அவள் கண்ணுக்கு, யாரும் சொல்லாமலே நான் படத்தைத் தலைமாட்டில் மாட்டிக்கொண்டேன், மூணு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, தானாகவே முட்டி போடுகிறேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வாசலில் நின்று, "இவன் சாமியாருக்குத்தான் போவான்போல இருக்கு" என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவின் கணிப்புகள் பொதுவாக இந்த லட்சணத்தில்தான் இருக்கும்.

அன்று சாயங்காலம் பாரிஸிலிருந்து அத்தை போன் செய்தாள். கிறிஸ்துமஸுக்கு அவளும் மாமாவும் வருகிறார்கள். மாமாவுக்கு மூட்டுவலி. ராத்திரியில் படியிறங்கிக் கொல்லைப்பக்கம் போகமுடியாது. மாடியிலேயே பாத்ரூம் வேண்டும்.

அப்பா போனை வைத்த கையோடு சாப்பாட்டு மேசையில் விரலால் படம் போட்டார். "நடுச்சொவர இடிச்சிட்டு, அந்த எடத்துல சிமெண்டு ஆலோ பிளாக் வெச்சி பாத்ரூம் கட்டிட்டா தீர்ந்துது. சனிக்கிழம மேஸ்திரிய வரச்சொல்லிட்டேன்."

காபியில் ரொட்டி தோய்த்துக்கொண்டிருந்த சின்னத் தாத்தா தலையைத் தூக்கவில்லை. "அந்தச் சொவத்த தொடாத."

"ஏன் சித்தப்பா?"

"தொடாதன்னா தொடாத."

"ஏதாவது காரணம் சொன்னாத்தான தெரியும்?"

ரொட்டி காபிக்குள் கரைந்து விழுந்தது. அதை அவர் எடுக்கவில்லை. என் கையில் இருந்த இட்டிலி அப்படியே நின்றது.

சமையலறையில் அப்பா அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "சொவரு போயிடுச்சின்னா தன் பங்கு எதுன்னு தெரியாம பூடும்னு பாக்குறாரு. வேற என்ன."

"வயசானா அப்படித்தான்" என்றாள் அம்மா.

எனக்கு மட்டும்தான் உண்மை தெரியும் என்று நினைத்துக்கொண்டு, கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். சனிக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது.

திங்கட்கிழமை, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். நடுவில் இருந்த தடுப்பு வலைக்கு அந்தப் பக்கம் சாமியாருக்குச் சளி.

"ஃபாதர், ஒருத்தர் ஒருத்தர கொன்னுட்டாரு."

அந்தப் பக்கம் இருமல் நின்றது. "யாரு?"

"சொல்லலாமா ஃபாதர்?"

"சொல்லாத. உன் பாவத்த மட்டும் சொல்லு."

"நான் பந்து அடிச்சேன்."

"அது பாவம் இல்லியே."

"சொவரு ஒடஞ்சிடுச்சி ஃபாதர்."

"அப்ப வூட்டுக்குப் போயி உங்கப்பாகிட்ட சொல்லு. அருள்நிறை மரியே பத்து."

இதுவரை எனக்குக் கிடைத்த அறிவுரைகளிலேயே மிகச் சரியானது அதுதான். அருள்நிறை மரியே ஜெபம் பத்தையும் சொல்லிவிட்டு, அறிவுரையைக் கோவிலிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

புதன்கிழமை எனக்கு இன்னொரு யோசனை வந்தது. யோசனை வரும்போதெல்லாம் யாராவது என்னைக் கட்டிப்போட்டிருக்க வேண்டும். சின்னத் தாத்தா கட்டிலில் உட்கார்ந்து, புளி தேய்த்து மெடலை மினுக்கிக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் நின்றேன்.

"தாத்தா, நீங்க பிரான்ஸுக்குப் போயிடுங்களேன்."

"எதுக்கு?"

"அங்க நல்லா பாத்துக்குவாங்க."

"இங்க யாரும் பாத்துக்கலன்னு நான் சொன்னேனா?"

"சனிக்கிழமைக்குள்ள போனா நல்லது."

அவர் மெடலைக் கீழே வைத்தார். "உங்கப்பன் சொல்லச் சொன்னானா?"

இல்லை என்றால் அடுத்த கேள்வி வரும். அதற்கடுத்த கேள்வியில் பிணம் வந்துவிடும். வாயை மூடிக்கொண்டேன். கீழே இறங்கிய பிறகுதான், கில்லட்டின் இருப்பதே அங்கேதானே என்று உறைத்தது.

மறுநாள் காலையில் சின்னத் தாத்தா அப்பாவின் முன்னால் வந்து நின்றார். "நான் இங்க இருக்கறது எடஞ்சல்னா மூஞ்சிக்கு நேரா சொல்லு. புள்ளைய விட்டுச் சொல்லாத."

"நான் எப்ப சொன்னேன்?"

"சொன்னியோ சொல்லலியோ. புரிஞ்சிடுச்சி."

அதோடு இருவரும் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள். "மோட்டார் ஓடுதுன்னு உங்கப்பன்கிட்ட சொல்லு" என்பார் ஒருவர். "தெரியும்னு தாத்தாகிட்ட சொல்லு" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் ஒரே கூடத்தில் நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார்கள். செய்தியைச் சுமந்துகொண்டு அந்த நாலடியை நான் நடந்தேன்.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. உழவர்கரைப் பக்கமிருந்து மேஸ்திரி கடப்பாரையோடு வந்தார். கூடவே விழுப்புரம் பக்கத்திலிருந்து வேலைக்கு வருகிற ஒரு சித்தாள் அக்கா, தலையில் சும்மாடு சுற்றி, கையில் இரும்புச் சட்டியோடு. அப்பா, அம்மா எல்லோரும் மாடிக்கு ஏறினார்கள். சின்னத் தாத்தா தன் பக்கத்திலிருந்து எழுந்து வந்து என் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். நான் அந்தோனியார் படத்தின் மேல் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் விரித்து நின்றேன்.

"இன்னா தம்பி, சிலுவையில நிக்கிற" என்றார் மேஸ்திரி.

"நகருடா" என்றார் அப்பா.

"மாட்டேன்."

"நகருன்றேன்ல."

அப்பா என் காதைப் பிடித்தார். அந்த வலியில் அத்தனை நாள் அடக்கிவைத்தது மொத்தமும் வெளியே வந்துவிட்டது. "உள்ள ஆள் இருக்கு. செத்த ஆள். எலும்ப நான் பாத்தேன். முடி கூட இருக்கு. தாத்தாதான் வெச்சாரு. இடிச்சா தாத்தா தலைய வெட்டிடுவாங்க."

மேஸ்திரி கடப்பாரையை ஓசையில்லாமல் தரையில் வைத்தார். தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது.

அடுத்து வந்த அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றித்தான் இத்தனை வருஷமாக எனக்கு யோசனை. உளறாதே என்று அப்பா என்னை ஓர் அறை விட்டிருக்கலாம். அம்மா சிரித்திருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. எல்லோரும் சின்னத் தாத்தாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அதிக நேரம் பார்த்தது அப்பா.

சின்னத் தாத்தாவும் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

சித்தாள் அக்காதான் முன்னால் வந்தார். என்னை ஒரு கையால் ஒதுக்கி, படத்தைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக் கட்டிலில் வைத்தார். ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார். கையை விட்டு எலும்பு ஒன்றைப் படக்கென்று ஒடித்து வெளியே எடுத்தார். சிரித்துவிட்டார்.

"இது மூங்கி பிளாச்சிங்க. இந்த முடி தேங்கா நாரு. மூங்கிய குறுக்க நெடுக்க பின்னி, மண்ணுல வைக்கோலும் நாரும் போட்டு மெதிச்சி ரெண்டு பக்கமும் அப்பியிருக்காங்க. எங்க ஊட்டு சொவரும் இதேதாங்க. எங்களது சாணி மெழுகு, உங்களது சுண்ணாம்பு மெழுகு. அம்மாந்தான்."

"மண்ணா?" என்றாள் அம்மா. பிணம் இருந்திருந்தாலும் அவள் முகம் அவ்வளவு வாடியிருக்காது.

மேஸ்திரிக்கு உயிர் வந்தது. "மண்ணு சொவருதானா. அப்ப அரை நாள் வேல சார். சாயங்காலத்துக்குள்ள பிளாக் ஏத்திடலாம்." கடப்பாரையை எடுத்தார்.

"வெய்யி அத கீழ" என்றார் சின்னத் தாத்தா. நான் அதுவரை கேட்டிராத குரல். மேஸ்திரி வைத்துவிட்டார்.

"கூடத்துக்குப் போயி அண்ணாந்து பாரு. இதுக்கு நேர் கீழ சொவரு இருக்கா?"

மேஸ்திரி இறங்கிப்போனார். திரும்பி வரும்போது முகத்தில் சிரிப்பு இல்லை. "சொவரு இல்லீங்க. வெறும் உத்திரக் கட்டதான் தாங்குது. ஒரு கட்ட ஓரத்துல உளுத்தும் போயிருக்கு."

"அதனாலதான் மூங்கியும் மண்ணும். எடை இருக்காது. அதுக்கு மேல ஆலோ பிளாக் வெச்சி, டைல்ஸ் வெச்சி, தண்ணித் தொட்டியும் வெச்சியின்னா, கீழ சோறு தின்றவன் தலையிலதான் வந்து நிக்கும்."

அப்பா ஒரு வாரத்துக்கு முந்தி கேட்ட கேள்வியைத் திரும்பக் கேட்டார். இந்த முறை நான் நடுவில் நடக்கவேண்டி இருக்கவில்லை. "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல சித்தப்பா?"

"சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்ப."

"எப்படித் தெரியும்?"

சின்னத் தாத்தா ஒடிந்த பிளாச்சைச் சித்தாள் அக்காவிடமிருந்து வாங்கி, முனையை நகத்தால் கீறிப் பார்த்தார். "சைகோன்ல நான் போட்டது இதான். ஆளுங்க படுக்கறதுக்கு வரிசையா கொட்டா. மூங்கி வெட்டியாந்து பொளக்கறது, மண்ணு மெதிக்கறது, அப்பறது. பிரான்ஸுல கூட இத தொர்ஷின்னுவான், அவங்க பழைய வூட்டுலயும் உண்டு. அப்புறம் அல்ஜீரியாவுலயும் சொவரு வேலதான். பதினஞ்சு வருசம்."

"சண்ட?" என்று கேட்டது நான்தான். வேறு யார் கேட்டிருக்கப்போகிறார்கள்.

"சண்டைக்கு வேற ஆளுங்க போனாங்க."

"மெடலு?"

"சொவரு போட்டவனுக்கும் குடுத்தான்."

சித்தாள் அக்கா மட்டும் அவரை மரியாதையாகப் பார்த்தார். "நீங்களே மெதிச்சிருக்கீங்களா தாத்தா? வைக்கோல எத்தன நாளு ஊறப் போட்டீங்க?" என்று கேட்டார். சின்னத் தாத்தா எழுந்து தன் பக்கம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குறுக்கே அந்தச் சுவர் இருந்தது. ஆனாலும் அவர் கட்டிலில் உட்காருகிற சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

மேஸ்திரி அன்று மதியமே டீக்கடையில் கதையைச் சொல்லிவிட்டார். பிணத்தில் தொடங்கி மூங்கிலில் முடித்தார் என்று கேள்வி. கடை நிறையச் சிரிப்பாம். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து பெஞ்சுக்காரன், "ஏண்டா, உங்க தாத்தா மண்ணு சொல்தாவாமே" என்றான். நானும் சிரித்தேன். சிரித்துவைப்பது எனக்கு அப்போதே நன்றாக வந்தது.

சுவரை இடிக்கவில்லை. அத்தைக்குக் கூடத்தை ஒட்டி, கீழேயே பாத்ரூம் கட்டினார்கள். மாமா மாடிக்கு ஏறவே இல்லை. ஓட்டையைச் சித்தாள் அக்கா வந்து, கொல்லையில் மண் மிதித்து, ஒரே பிற்பகலில் அடைத்துவிட்டுப் போனார். அது காய்ந்து வெள்ளையாக எட்டு நாள் ஆனது. சின்னத் தாத்தா அதற்குப் பிறகும் ஐந்து வருஷம் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார். பதினைந்து வருஷப் பட்டாளத்தில் அவர் ஓர் உயிரையும் எடுத்ததில்லை. ஊர் திரும்பி முப்பத்தைந்து வருஷமாக அவர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த அதைத் தெருவுக்குத் தெரியவைத்தவன் நான்.